அழவைத்துவிட்டுப் பாடச் சொல்வது

ஐயா, வணக்கம்.

நான் கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்தவள். என் அண்ணன் மகளுக்குப் பன்னிரண்டு வயது. நன்றாகப் பாடுவாள், புதுச்சேரியில் ஒரு ஆசிரியரிடம் போய் முறையாகக் கற்றுக்கொள்கிறாள். ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்கு ஆடிஷனில் தேர்வானபோது எங்கள் தெருவே கொண்டாடியது.

சில நாள் கழித்து எங்கள் வீட்டைப் படம்பிடிக்க ஒரு குழு வந்தது. அண்ணன் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். சுனாமிக்குப் பிறகு அவர் கடலுக்குப் போனதே இல்லை. வந்தவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வலையை இரவல் வாங்கி, அவர் மடியில் போட்டு, கிழிசலைப் பின்னுகிற மாதிரி உட்காரச் சொன்னார்கள். டைல்ஸ் போட்ட கூடத்தை விட்டுவிட்டு, பின்கட்டில் இருக்கும் பழைய கொட்டகையில்தான் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பிறகு எங்கள் அம்மாவிடம், சுனாமியில் யாரையாவது பறிகொடுத்தீர்களா என்று கேட்டார்கள். என் தம்பியைப் பற்றி இத்தனை வருஷமாக எங்களிடம்கூடப் பேசாத அம்மா, அன்று கேமராவின் முன்னால் உடைந்து அழுதார்.

போட்டி நாளில் அவள் பாடுவதற்கு முன்னால் அந்த வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். ஆயா அழுவதைப் பார்த்து அவளும் தேம்பினாள். சரணத்தில் சுருதி விலகியது எனக்கே தெரிந்தது. நடுவர்கள் மேடைக்கு வந்து கட்டிக்கொண்டார்கள். அடுத்த சுற்றுக்குத் தேர்வு என்று அறிவித்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. சொன்னால், "உனக்குப் பொறாமை" என்கிறார் அண்ணி. ரியாலிட்டி நிகழ்ச்சிகளின் தரம் ஏன் இப்படி ஆனது? இதில் நியாயம் அநியாயம் பார்ப்பது தவறா? அவளை அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி, கடலூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் நியாயத்தைப் பற்றி இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியனுப்பிய சம்பவத்தைப் படித்தால் இரண்டும் ஒரே கேள்விதான் என்று எனக்குப் படுகிறது. மாதக்கணக்கில் பயிற்சி செய்த ஒரு சிறுமி, தான் நன்றாகப் பாடக்கூடிய பாட்டைச் சுருதி விலகிப் பாடினாள். அவள் அப்படிப் பாடுவதற்குக் காரணம், பாடுவதற்குச் சற்று முன்னால் அவளை அழவைத்ததுதான். அப்படிப் பாடியதற்காகவே அவள் கொண்டாடவும் பட்டாள். எந்தக் கணத்தில் அந்தக் குழந்தைக்கு அநியாயம் நடந்ததோ, அதே கணத்தில்தான் அந்தப் போட்டியின் தரமும் விழுந்தது.

இது எப்படி நேர்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, நிகழ்ச்சி தயாரிப்பவரின் நாற்காலியில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பாட்டு நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். விளம்பரம் போக மீதமுள்ள நேரத்தை எதைக் கொண்டாவது நிரப்பியாக வேண்டும். ஒரு குழந்தையின் கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் நுணுக்கம், இன்னொரு குழந்தையின் கமகத்தைவிட எவ்விதத்தில் உயர்ந்தது என்பது பத்து பேரில் ஒருவருக்குத்தான் விளங்கும். ஒரு பாட்டியின் அழுகை பத்து பேருக்கும் விளங்கும். 2015 முதல் பார்க் (BARC) என்ற அமைப்பு, நாடு முழுவதும் பல்லாயிரம் வீடுகளில் மீட்டர் வைத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து வாராவாரம் எண்களை வெளியிடுகிறது. விளம்பரக் கட்டணம் அந்த எண்களைப் பொறுத்தது. சேனலை மாற்றப் போகிற விரலை நிறுத்தி வைப்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பாட்டைவிடக் கண்ணீர் மலிவானது, நிச்சயமானதும்கூட. உங்கள் அண்ணன் மடியில் வலையைப் போட்ட இளைஞரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. 'ஸ்டோரி' இல்லாமல் திரும்பினால் அவருக்கு அங்கே வேலை இருக்காது.

இந்த நிகழ்ச்சிகளால் நன்மையே இல்லை என்று சொல்லும் கூட்டத்திலும் நான் இல்லை. ஏ.வி. ரமணன் சன் தொலைக்காட்சியில் 'சப்தஸ்வரங்கள்' நடத்திய காலத்திலும் சரி, 2006-ல் விஜய் தொலைக்காட்சி 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபோதும் சரி, ஆடி மாதக் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு எப்போது கூப்பிடும் என்று காத்திருந்த சிற்றூர்க் குரல்களுக்கு ஒரு பெரிய வாசல் திறந்தது. 2018-ல் புதுக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் அந்த மேடையில் வென்றபோது நானும் மகிழ்ந்தேன். சபாக்கள் ஒருநாளும் கொடுத்திருக்காத இடம் அது.

ஆனால் அதே மேடையில் 2016-ல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். வென்றவர் ஏற்கெனவே திரைப்படங்களில் பாடியவர் என்று தெரியவந்ததும், எங்கள் வாக்கை ஏமாற்றி வாங்கிவிட்டீர்கள் என்று பார்வையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பரிசில் அநீதி நடந்தால் நமக்குக் கோபம் வருகிறது. வாராவாரம் யாரோ ஒருவருடைய தாயின் துக்கத்தைப் பெரிய திரையில் போடும்போது அந்தக் கோபம் வருவதில்லை. நாமும் சேர்ந்து அழுதுவிட்டு, நல்ல நிகழ்ச்சி என்கிறோம்.

"எல்லாம் ஸ்கிரிப்ட்" என்பது இந்த நிகழ்ச்சிகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் குற்றச்சாட்டு. உங்கள் வீட்டில் நடந்ததில் வலை பொய், கொட்டகை பாதிப் பொய். இந்த வகைப் பொய்க்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1950-களில் புகழ்பெற்ற விநாடி வினா நிகழ்ச்சிகளில் விடைகளை முன்கூட்டியே போட்டியாளரிடம் கொடுத்துவிட்டு நடத்தியது வெளிப்பட்டு, நாடாளுமன்ற விசாரணை வரை போய், 1960-ல் அதைச் சட்ட விரோதமாக்கினார்கள். பொய் பார்வையாளரை ஏமாற்றுகிறது. அது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது வலை அல்ல, உங்கள் அம்மாவின் அழுகை. அது முழுக்க உண்மை. இத்தனை ஆண்டுகளாக ஒருவர் தமக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த உண்மையை, அரை மணி நேரப் பழக்கத்தில் ஒருவர் வந்து திறந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். திறந்தவர் மறுநாள் வேறு ஊரில் வேறு வீட்டில் இருப்பார். உங்கள் அம்மா அன்று இரவு தூங்கினாரா என்று கேட்க அவர்களில் யாரும் திரும்பி வந்திருக்கமாட்டார்கள்.

துக்கத்தைக் காட்சியாக்குவதே பிழை என்று இதற்கு அர்த்தமில்லை. நம் தென்னாற்காட்டுப் பகுதியில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் துகில் உரிதல் கூத்து நடக்கும் இரவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாஞ்சாலி சபையில் கதறும்போது கூட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள், சிலருக்குச் சாமி வந்துவிடும். அந்த இடத்தை எட்டும்போது கூத்தை நிறுத்தி, துச்சாதனன் வேடம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்பு வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. பாஞ்சாலியாக நிற்பவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தான், பெரும்பாலும் ஓர் ஆண்தான். இருந்தும், செய்யப் போவது வேடத்தில்கூடச் செய்யத் தகாதது என்ற அச்சம் அந்தக் கலைக்கு இருக்கிறது. விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு அவர் டீக்கடைக்குப் போய்விடலாம். பாஞ்சாலியின் அவமானம் அவரோடு வீட்டுக்கு வராது. உங்கள் அண்ணன் மகளுக்குக் கலைத்துவிட்டுப் போவதற்கு வேடம் என்று ஒன்றுமில்லை. அவள் அழுதது தன் முகத்தோடு, தன் பெயரோடு, தன் தெருப் பெயரோடு. அது யூடியூபில் துண்டு துண்டாக வெட்டி ஏற்றப்பட்டிருக்கும். அவள் கல்லூரிக்குப் போகும்போதும், நாளை ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் தேடினால் கிடைக்கும்.

பெரியவர்கள் கலந்துகொள்ளும் நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு இவ்வளவு பதற்றம் இல்லை. 1999-ல் நெதர்லாந்தில் தொடங்கி 2017-ல் தமிழுக்கு வந்த 'பிக் பாஸ்' வீட்டுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் கேமராவோடு பழகியவர்கள். ஊதியம் பேசி, ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போகிறார்கள். அங்கேயும் முதல் பருவத்திலேயே ஒரு நடிகை மன உளைச்சலோடு வெளியேற நேர்ந்தது என்பதை மறக்கவில்லை. அதைவிட மோசமானவை குடும்பச் சண்டைகளைக் கூட்டிவைத்துத் தீர்ப்புச் சொல்லும் நிகழ்ச்சிகள். அவற்றில் வசதியான குடும்பம் எதுவும் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர்கள்தான், நியாயம் கிடைக்கும் என்று நம்பி வருகிறார்கள். 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சிக்கு 2018-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் இதே வகையைச் சேர்ந்த 'ஜெரமி கைல்' நிகழ்ச்சியில் பொய் கண்டறியும் சோதனையில் தோற்ற ஒருவர் சில நாட்களில் இறந்துகிடந்தார். 2019 மே மாதத்தில் அந்த நிகழ்ச்சியையே மூடினார்கள். அதன் பிறகுதான், பங்கேற்பாளரின் நலனில் அக்கறை காட்டுவதும், வரக்கூடிய பாதிப்பை முன்கூட்டியே அவரிடம் சொல்வதும் தொலைக்காட்சியின் கடமை என்ற விதியை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு 2021-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓர் உயிர் போன பிறகு வந்த விதி.

குழந்தைகள் விஷயத்தில் நம் நாட்டிலும் எச்சரிக்கைகள் வந்துவிட்டன. 2008-ல் கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவி நடனப் போட்டியில் நடுவர்களின் கடுஞ்சொல்லைக் கேட்ட பிறகு பேச்சிழந்தாள் என்று அவளுடைய பெற்றோர் கூறியபோது நாடே அதிர்ந்தது. 2019 ஜூன் மாதத்தில், வயது வந்தவர்கள் திரைப்படங்களில் ஆடும் ஆட்டங்களைக் குழந்தைகளை ஆடவைத்துக் காட்டுவது குறித்து ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லாத் தனியார் தொலைக்காட்சிகளுக்கும் அறிவுரை அனுப்பியது. இவற்றைவிட உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 2017-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகள். பதினான்கு வயது நிறையாத குழந்தையைப் படப்பிடிப்பில் ஈடுபடுத்த அந்த மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஈட்டும் தொகையில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். குழந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு.

விருப்பம் என்ற அந்தக் கடைசி அம்சத்தில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் அண்ணன் கையெழுத்திட்டிருப்பார். பல பக்க ஆங்கிலப் படிவமாக இருந்திருக்கும். எங்கே கையெழுத்து என்று பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருப்பார்கள். அவர் சம்மதித்தது மகள் பாடுவதற்கு. இறந்துபோன தம்பியின் கதை மகளின் பாட்டுக்கு முன்னுரையாக ஓடும் என்பதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பாடப் போகிறவளுக்கே அது மேடையில் நிற்கும்போதுதான் தெரிந்தது. தெரியாத ஒன்றுக்குத் தந்த கையெழுத்தை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ள மாட்டேன், சட்டம் எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி. உங்கள் அண்ணியிடமும் கோபம் வேண்டாம். மகள் பெயர் ஊரெல்லாம் அடிபடும்போது ஒரு தாய் மகிழ்வது இயற்கை. பொறாமை என்று அவர் சொன்னது, நீங்கள் கேட்டது அவருக்கும் உறுத்தியதால் வந்த சொல்லாகவும் இருக்கலாம்.

அடுத்த சுற்றுக்கு அனுப்பலாமா என்றால், முதலில் அவளையே கேளுங்கள், பெற்றோர் பக்கத்தில் இல்லாதபோது. அவள் பாட விரும்பினால் தடுக்காதீர்கள். இந்த வாய்ப்பு இன்னொரு முறை வருமா என்று நமக்குத் தெரியாது. ஆனால் போவதற்கு முன் அண்ணன் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் சில விஷயங்களைக் கேட்டு வாங்கட்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பிரதி ஒன்று தமிழ் மொழிபெயர்ப்போடு கைக்கு வர வேண்டும். ஆட்சியர் அனுமதியின் எண் வேண்டும். அவள் பாடி முடிக்கும்வரை குடும்பத்தைப் பற்றிய எந்த வீடியோவையும் அவள் கண்ணில் படும்படி ஓட்டக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மறுத்தால், அவளுடைய பாட்டு அவர்களுக்குத் தேவையில்லை என்று தெரிந்துவிடும். அப்போது முடிவெடுப்பது கடினமாக இராது.

ஒளிபரப்பானதைப் பற்றிப் புகார் செய்யவும் வழி இருக்கிறது. 2021-ல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒவ்வொரு தொலைக்காட்சியும் ஒரு குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்க வேண்டும். புகாருக்கு 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் தொலைக்காட்சிகளின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், அங்கும் தீராவிட்டால் ஒன்றிய அரசின் மேற்பார்வைக் குழுவுக்கும் மேல்முறையீடு செய்யலாம். "குழந்தையை அழவைத்தார்கள்" என்று பொதுவாக எழுதினால், அது நெகிழ்ச்சியான தருணம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஒளிபரப்பான தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, தந்தையின் தொழில் பொய்யாகக் காட்டப்பட்டது என்றும், பன்னிரண்டு வயதுக் குழந்தை பாடத் தொடங்கும் முன் குடும்பத்தில் நிகழ்ந்த மரணம் பற்றிய காட்சி முன்னறிவிப்பின்றி அவளுக்குக் காட்டப்பட்டது என்றும் எழுதுங்கள். அந்த வீடியோவை இணையத்திலிருந்து நீக்கக் கேளுங்கள். அத்தை எழுதுவதைவிடப் பெற்றோர் கையெழுத்தோடு போனால் கனம் அதிகம். உங்கள் அம்மாவின் காட்சியை நீக்கக் கோருவதற்கு அம்மாவே கையெழுத்திடலாம். அவரிடம் கேட்டுப் பாருங்கள், அவர் சரி என்றால் மட்டும்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து