வினாத்தாளில் கேள்விகளின் வரிசை மாறினால் மதிப்பெண் குறையுமா?

நேரம் தாராளமாக இருந்தால் பெரிதாகக் குறையாது. நேரம் நெருக்கினால் குறையும்: கடினமான கணக்கு முதலில் வந்தால் அதிலேயே மாட்டிக்கொண்டு, கடைசியில் இருக்கும் சுலபமானதைத் தொடாமலே விட்டுவிடுவார்கள். இன்னொரு வேடிக்கை, சுலபமானவை முதலில் வந்தால், வாங்கும் மதிப்பெண் அதேதான் என்றாலும் ‘நல்லா எழுதினேன்’ என்ற நினைப்போடு வெளியே வருவார்கள்.

குடியாத்தத்தில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் 14 ஒரு மதிப்பெண் கேள்விகள் முதலில். 8 மதிப்பெண் வடிவியலும் வரைபடமும் கடைசியில். போன திருப்புதல் தேர்வில் ஒரு பெண் 5 மதிப்பெண் கணக்கு ஒன்றை மூன்று முறை அடித்து அடித்து எழுதியிருந்தாள். வரைபடத்தாளில் அச்சு இரண்டும் போட்டதோடு சரி, மணி அடித்துவிட்டது. கேள்வி எண்ணைச் சரியாகப் போட்டால் வரைபடத்தையே முதலில் எழுதலாம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லையாம்!