வாகனம்: வாசகர் கேள்வி – பதில்
பின் இருக்கையில் அமரப்போவது யார்?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 32. வீடு களுவாஞ்சிகுடியில், வேலை கல்முனையில். இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவும் எங்களோடு இருக்கிறார். மாதந்தோறும் அவரை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக் கூட்டிச் செல்ல வேண்டும். மனைவியின் ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அப்பால். பள்ளிக்கூடக் காலம் முதல் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்களில் எனக்கு அளவில்லாத ஆசை. இப்போது 2011ஆம் ஆண்டு ஹொண்டா சிஆர்-இசெட் கூபே ஒன்று, மனுவல் கியருடன், விலைக்கு வந்திருக்கிறது. மாமாவோ ஏறத்தாழ அதே பணத்துக்கு 2005ஆம் ஆண்டு டொயோட்டா அலியன் என்ற நான்கு கதவுச் செடான் ஒன்றை எடுக்கச் சொல்கிறார். கூபேயைவிட ஆறு வருடம் பழைய காரை எடுப்பது புத்தியா? என் ஆசை தவறா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஆசையில் தவறு எதுவும் இல்லை, தம்பி. விரும்பி வாங்கிய காரை மனிதர் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். வேண்டாவெறுப்பாக வாங்கிய கார் நேரத்துக்கு ஒயில் மாற்றக்கூட ஆளின்றிக் கிடக்கும். ஆகவே மாமா சொல்கிறார் என்பதற்காக மட்டும் அலியனை வாங்க வேண்டாம். ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் குடும்ப நிலைமையைப் பார்த்தால், இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கவேண்டியது செடான்தான் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சிஆர்-இசெட் பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு வேகமான கார் அன்று. 2010இல் வெளிவந்து ஜப்பானின் ஆண்டின் சிறந்த கார் விருதைப் பெற்ற அது, 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு சிறிய மின் மோட்டார் துணைசெய்யும் ஹைபிரிட் வகையைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தே ஏறத்தாழ 120 குதிரைவலுதான். அலியனின் 1.5 லீற்றர் எஞ்சின் தனியாகவே ஏறத்தாழ 110 குதிரைவலுவைத் தருகிறது. தாழ்ந்த இருக்கையும், கைக்கு அடக்கமான ஸ்டியரிங்கும், ஆறு கியர்களையும் நாமே மாற்றி ஓட்டும் நிறைவும்தான் அந்தக் கூபேயின் உண்மையான இன்பம். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நீங்கள் நாளாந்தம் ஓடப்போகும் கல்முனை–மட்டக்களப்பு வீதி, ஊருக்குப் பின் ஊராக வீடுகளும் கடைகளும் பாடசாலைக் கடவைகளும் நெருங்கி நிற்கும் வீதி. குடிமனைப் பகுதிகளில் 50, வெளியே 70 கிலோமீற்றர் என்பதே சட்டம் கார்களுக்கு விதித்த எல்லை. மாலையில் வீதியில் படுத்திருக்கும் மாடுகள் அந்த வேகத்தையும் நமக்குத் தருவதில்லை.

இனிப் பின் இருக்கைக்கு வருவோம். உங்கள் கேள்விக்கான தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. ஜப்பானியச் சந்தைக்கான சிஆர்-இசெட்டில் பின்னால் இரண்டு இருக்கைகள் உண்டு என்பது பெயரளவுக்குத்தான். வளர்ந்தவர் ஒருவர் அங்கே அமர்ந்தால் தலை கூரைச் சரிவில் இடிக்கும். முழங்கால் முன் இருக்கையில் முட்டும். மழை நாளில் வைத்தியசாலை வாசலில் காரை நிறுத்துவதாக நினைத்துப் பாருங்கள். இரண்டு கதவுக் காரின் கதவு நீளமானது. பக்கத்தில் ஒரு முச்சக்கரவண்டி நின்றாலும் அது முழுதாகத் திறக்காது. அம்மா முன் இருக்கையில் இருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் அவர் இறங்க வேண்டும், பிறகு அந்த இருக்கையை மடித்து முன்னே தள்ள வேண்டும், அதன் பின்பே மனைவி குழந்தையுடன் குனிந்து வெளியே வர முடியும். குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கையைப் பின்னால் பொருத்தி, ஒவ்வொரு தடவையும் குனிந்து நின்று பட்டி மாட்டுவதும் இதே இடுக்கில்தான் நடக்க வேண்டும். அதைவிட, இருக்கை தாழ்ந்திருப்பதால், முழங்கால் நோவுள்ள ஒருவர் அதிலிருந்து எழுவது நிலத்தில் குந்தியிருந்து எழுவது போல இருக்கும். கார் பார்க்கப் போகும் நாளில் அம்மாவையும் கூட்டிச் செல்லுங்கள். அவர் ஏறி இறங்கும்போது முகத்தைக் கவனியுங்கள். என் வாதங்கள் எல்லாம் தேவைப்படாது.

அடுத்தது வீதி. கொக்கட்டிச்சோலைக்கு மண்முனைப் பாலம் வழியாகப் போவது இப்போது சுகமான பயணம்தான்; ஆனால் படுவான்கரையின் உள்ளூர்களுக்குத் திரும்பியதும் கிறவல் வீதி தொடங்கிவிடும். சிஆர்-இசெட்டின் முன், பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் 2,435 மில்லிமீற்றர்; அலியனில் அது 2,700. இந்த இடைவெளி குறையக் குறைய, பள்ளத்தில் முன்சில்லு இறங்கி ஏறும்போது கார் முழுவதும் தூக்கிப் போடும். டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 195/55 என்று எழுதியிருந்தால், அகலம் 195 மில்லிமீற்றர் என்றும், அதில் 55 சதவீதம், அதாவது ஏறத்தாழ 107 மில்லிமீற்றர்தான் றிம்முக்கும் தரைக்கும் இடையில் நிற்கும் இறப்பர் என்றும் பொருள். சிஆர்-இசெட்டின் டயர் இந்த அளவுதான். செடான்களில் பரவலாக உள்ள 195/65 டயரில் அது ஏறத்தாழ 127 மில்லிமீற்றர். இரண்டு சென்ரிமீற்றர் பெரிதாகத் தோன்றாது. கூரிய விளிம்புள்ள குழியில் விழும்போது றிம் வளைவதும் தப்புவதும் அந்த இரண்டு சென்ரிமீற்றரில்தான் தங்கியிருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் தாழ்வான இடங்களில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடும் மாவட்டம் இது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயில் தண்ணீர் ஏறினால் எந்தக் காரும் அழியும்; தாழ்ந்த காரில் அந்த ஆபத்து முந்திக்கொண்டு வரும்.

மூன்றாவது, அந்த வருடத்துச் சிஆர்-இசெட்டின் ஹைபிரிட் பற்றரி. 2012இன் பிற்பகுதியில்தான் அதற்கு லிதியம் பற்றரி வந்தது. நீங்கள் பார்த்திருப்பது அதற்கு முந்திய நிக்கல் வகை. நமது வெக்கையில் இத்தனை வருடம் கழித்து அது நலமாக இருக்கிறது என்று விற்பவரின் வாய்ச்சொல்லை வைத்து நம்ப முடியாது. ஓட்டிப் பார்க்கும்போது மீற்றர் பலகையில் பற்றரி அளவு காட்டும் கோடுகள் திடீரென ஒரேயடியாக விழுந்து, சிறிது நேரத்தில் மீண்டும் ஏறினால், பற்றரி ஓய்ந்துவருகிறது என்று கொள்ளலாம். காரின் வெளியுடல் பாகங்களிலும் சிக்கல்தான். அலியனுக்கு ஒரு பம்பரோ முன் விளக்கோ வேண்டுமென்றால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ விசாரிக்கலாம், கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நிச்சயம் பிடிக்கலாம். கூபேயின் கதவுக்கும் பின் கண்ணாடிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

இவ்வளவும் சொன்னதால் அலியனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபது வயதைத் தொட்ட கார் அது. எஞ்சினைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அதில் குறித்த காலத்தில் மாற்றவேண்டிய ரைமிங் பெல்ற் கிடையாது, சங்கிலிதான், ஒயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் நெடுங்காலம் உழைக்கும். என் கவலை துருவும் வெள்ளமும். கடலோரத்தில் நின்ற காரை உப்புக் காற்று அடியிலிருந்துதான் தின்னத் தொடங்கும். ஆகவே காரை ஒரு கராஜில் தூக்கி நிறுத்தி, பிரேக் குழாய்களையும், ஸ்பிரிங் அமரும் தட்டுகளையும், கதவுக்குக் கீழுள்ள விளிம்பையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசிப் பளபளத்தால் மகிழாதீர்கள். எதையோ மறைக்கவே விற்கும் தறுவாயில் அது பூசப்பட்டிருக்கலாம். வெள்ளம் புகுந்த காரைக் கண்டுபிடிக்க, சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாகச் சுருளுக்குள் ஒளிந்திருக்கும் பகுதியில் சேற்று நிறத்தில் ஒரு கோடு இருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். டிக்கியில் ஸ்பெயார் ரயரைத் தூக்கி அதன் குழியில் வண்டல் படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மீற்றர் காட்டும் கிலோமீற்றரைவிட, தேய்ந்த பிரேக் மிதியும் ஓட்டுநர் இருக்கையின் கிழிந்த ஓரமும் உண்மை பேசும்.

ஒரு மாற்று வழியும் சொல்கிறேன். உங்களுக்கு உண்மையில் பிடித்தது கியர் மாற்றி ஓட்டும் சுகம் என்றால், கொறோல்லா 121, மிட்சுபிஷி லான்சர் போன்ற செடான்கள் மனுவல் கியருடன் நமது சந்தையில் இன்னும் அகப்படுகின்றன. ஒட்டோ கியர் இல்லை என்பதால் அவற்றின் விலையும் சற்றுக் குறைவாகவே இருக்கும். அம்மாவுக்குக் கதவும் உங்களுக்குக் கியரும் கிடைக்கும். மாமாவிடமும் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நான் அம்பாறையில் வங்கியொன்றில் வேலை செய்கிறேன், வீடு அக்கரைப்பற்றில். திருமணமாகவில்லை. வீட்டுத் தேவைக்கு அப்பாவிடம் வான் இருக்கிறது. எனக்கென்று ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க விரும்புகிறேன். மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று ஆச்சரியப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சகோதரி, ஸ்போர்ட்ஸ் கார் வாங்குங்கள், இந்தக் காரை வாங்க வேண்டாம். முன்னைய வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன சிஆர்-இசெட், பற்றரியைத் தகுந்தவரிடம் பரிசோதித்த பின், உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். உங்கள் பின் இருக்கையில் கைப்பையைத் தவிர வேறெவரும் இல்லை. வீட்டாரை ஏற்ற வான் இருக்கிறது. அம்பாறை வீதியும் வயல்வெளிகளுக்கு நடுவே ஓடும் வீதி.

ஆர்எக்ஸ்-8 மலிவாக இருப்பதற்குக் காரணம் அதன் எஞ்சின். சாதாரண எஞ்சினில் பிஸ்ரன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. இதில் முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 654 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுடன், சுழல்கின்றன. மொத்தம் 1,308 என்று பதிவுப் புத்தகத்தில் பார்த்துச் சிறிய எஞ்சின், பெற்றோல் மிச்சம் என்று எண்ணிவிட வேண்டாம். பெற்றோல் குடிப்பதில் அது பெரிய எஞ்சின்களோடு போட்டியிடும். சுழலியின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய அடைப்புப் பட்டிகளுக்கு மசகாக எஞ்சின் ஒயிலில் ஒரு பகுதி உள்ளே செலுத்தப்பட்டு எரிக்கப்படுகிறது. ஒயில் குறைவது அங்கே கோளாறு அன்று, அமைப்பே அப்படித்தான். ஆகவே ஒயில் அளவை அடிக்கடி பார்த்து நிரப்பாதவரின் கையில் அந்தப் பட்டிகள் தேய்ந்து, அமுக்கம் குறைந்து, சூடான எஞ்சின் மறுபடி ஸ்ரார்ட் எடுக்க மறுக்கும். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, காரைச் சற்று நகர்த்திவிட்டு உடனே நிறுத்தினாலும் உள்ளே பெற்றோல் தேங்கி அடுத்த தடவை இயங்காமல் போகலாம். இதன் அமுக்கத்தைச் சரியாக அளக்க இவ்வகை எஞ்சினுக்கென்றே தனிக் கருவி வேண்டும். அந்தக் கருவியும், இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கையும் உள்ள ஒரு கராஜை உங்களுக்குப் பக்கத்தில் முதலில் கண்டுபிடியுங்கள்; அது கிடைக்காதவரை அந்தக் காருக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் வாங்க நினைக்கும் செடானின் பதிவு உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓபன் பேப்பரில், அதாவது வாங்குபவரின் பெயர் எழுதாத உரிமை மாற்றப் படிவத்தில், வாங்கி ஓடலாம் என்று தரகர் சொல்கிறார். சரியா?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: சரியில்லை. பதிவுப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறும்வரை அந்தக் கார் சட்டப்படி உங்களுடையது ஆகாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் வழக்கிலும் சிக்கல் வரும். உரிமையாளர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகள் எல்லோரிடமும் நீங்கள் அலைய வேண்டிவரும். பழைய லீசிங் முழுமையாக அடைக்கப்படாமல், நிதி நிறுவனத்தின் பெயர் இன்னும் புத்தகத்தில் நிற்கவும் கூடும். உரிமையாளர் சட்டப்படி அதிகாரமளித்த ஒருவர் மூலம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையை மாற்றித் தரச் சொல்லுங்கள். மாறும்வரை மிகுதிப் பணத்தைக் கையில் வைத்திருங்கள். அதற்கு முன், புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் பொறித்திருப்பவைதானா என்று போனட்டைத் திறந்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். இலக்கம் உள்ள இடத்தில் உராய்ந்த தடமோ புதிய பெயின்ற்றோ தெரிந்தால் பேரத்தை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.