கல்லை நாக்கில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு என்ன படிப்பு?

போன வாரம் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்டு என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமன். பேசியது முழுக்க மாமாதான். சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், மேனேஜ்மென்ட் கோட்டா, விடுதியோடு நாலு வருஷத்துக்கு 18 லட்சம், இரண்டு ஏக்கரை அடமானம் வைத்தால் முடிந்தது என்றார். அம்மாவுக்குக் கவலையே வேறு. "ஓடையில கிடக்குற கல்லெல்லாம் எடுத்து நாக்குல வச்சுப் பாக்குறா சார், ஏதாச்சும் கோளாறா இருக்குமோ?"

கோளாறு இல்லைம்மா. கையில் கிடைத்தது கல்லாகிப்போன பழங்கால எலும்பா, வெறும் கல்லா என்று சந்தேகம் வந்தால் ஆராய்ச்சியாளர்களே செய்கிற காரியம்தான் அது. எலும்பில் நுண்ணிய துளைகள் இருப்பதால் ஈர நாக்கில் ஒட்டிக்கொள்ளும், சாதாரணக் கல் பெரும்பாலும் ஒட்டாது. எங்கேயோ படித்துவிட்டுத் தானே செய்து பார்த்திருக்கிறாள். பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். நியூஸ்பேப்பரில் சுற்றிய அம்மோனைட், அதாவது அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் ஓட்டுப் படிவம், சுருள் சுருளாக, வரிவரியாக. கூடவே ஒரு துண்டுச் சீட்டில் எடுத்த தேதி, எந்த ஓடை, எந்தக் கரை, மேலே என்ன நிற மண் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம்.

அதுவரை நானும் "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சீட்டைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். அங்கே சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

அண்ணே, கம்ப்யூட்டர் சயின்ஸ் கெட்ட படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, நான் வேறு எதற்கு? உங்கள் மகளுக்கு அதில் ஒரு துளி ஆசையும் இல்லை. ஆசையில்லாத படிப்புக்கு நிலத்தை அடகு வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமா கோபித்துக்கொண்டாலும் சரி.

அவளுக்கு ஏற்றது பி.எஸ்சி. ஜியாலஜி, நிலவியல். சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது, திருச்சி நேஷனல் கல்லூரியில் இருக்கிறது. அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் வருஷத்துக்குச் சில ஆயிரங்களைத் தாண்டாது.

"டைனோசர் எலும்பு தோண்டுறது ஒரு வேலையா?" என்று மாமா சிரித்தார். முதலில் நீங்கள் குடியிருக்கும் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் அரியலூரின் பெரும்பகுதி கடல். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் கிடைப்பதும் அதனால்தான், அம்மோனைட் கிடைப்பதும் அதனால்தான். அந்த அடுக்குகளின் மேல்பகுதியில் கல்லமேடு பாறை வருகிறது, அது ஆறு கொண்டுவந்து போட்ட படிவு. தரையில் நடந்த விலங்கின் எலும்பைத் தேட வேண்டிய இடம் அதுதான். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்துத்தான் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று ஒரு பிரமாண்ட டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர். முதலில் ஊனுண்ணி என்று எழுதப்பட்டது, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றிச் சொன்னார்கள், அது எலும்பே இல்லை, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. சரிபார்க்கலாம் என்றால் எலும்பு இல்லை. மழையில் ஊறி உதிர்ந்து போனது. மிஞ்சியது படங்களும் குறிப்புகளும்தான். இப்போது அந்தப் பென்சில் சீட்டின் மதிப்பு புரிகிறதா?

தேடுவது ஒன்றும் குருட்டாம்போக்கு இல்லை. நிலவியல் வரைபடத்தில் சரியான வயதுள்ள படிவுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று பார்த்து, மழைக்கு அப்புறம் ஓடை ஓடையாகக் குனிந்து நடப்பார்கள். ஒரு எலும்புத் துணுக்கு கிடைத்தால் அங்கே தோண்டுவதில்லை, அது எந்த மேட்டிலிருந்து உருண்டு வந்தது என்று மேலே ஏறிப் போவார்கள். எலும்பு தெரிந்ததும் பிரஷ், ஊசி, இறுக்கிப் பிடிக்கிற பசைக் கரைசல், அப்புறம் ஈரத்தாள் சுற்றி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குத் துணியால் மாவுக்கட்டுப் போட்டுச் சுற்றியுள்ள பாறையோடு பெயர்த்து எடுப்பார்கள். சின்னப் பல், மீன் செதில் என்றால் மண்ணை மூட்டை மூட்டையாக அள்ளித் தண்ணீரில் சலித்து மைக்ரோஸ்கோப்பில் பொறுக்க வேண்டும். கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு பல்லை வைத்து, தென்கண்டங்களில் அதுவரை பதிவாகாத ட்ரூடான்டிட் என்கிற, பறவைகளுக்கு நெருங்கிய சின்ன வகை டைனோசர் இங்கே இருந்தது என்று 2013இல் எழுதினார்கள். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது உருண்டைக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டதே, அது அம்மோனைட் சார்ந்த கல் உருண்டை என்று சொன்னதும் இந்தப் படிப்புப் படித்தவர்கள்தான்.

"பொம்பளப் புள்ள காடு மேடு அலையுமா?" இதற்கு மட்டும் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. மத்தியப் பிரதேசம் தார் பகுதியில் 92 டைனோசர் கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவு செய்து 2023இல் வந்த ஆய்வின் முதல் பெயர் ஹர்ஷா திமான், டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பெண்.

சம்பளத்துக்கு வருவோம், இதில் நான் பூசி மெழுக மாட்டேன். தொல்லுயிரியலை, அதாவது புதைபடிவ ஆராய்ச்சியை மட்டும் நம்பினால் வேலை மிகக் குறைவு. லக்னோவின் பீர்பல் சகானி நிறுவனம், சில பல்கலைக்கழகங்கள், நிலவியல் ஆய்வுத் துறையின் அந்தப் பிரிவு, அவ்வளவுதான். ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் பிஎச்.டி. வேண்டும். ஆனால் நிலவியல் அதைவிட ரொம்பப் பெரியது. நிலத்தடி நீர், சுரங்கம், எண்ணெய் எல்லாம் அதில் வரும். எம்.எஸ்சி. முடித்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு எழுதலாம், தேறினால் மத்திய அரசில் குரூப் ஏ, அதாவது உயர்நிலை அதிகாரி பதவி. எம்.எஸ்சி.யை ஐ.ஐ.டி.யில் படிக்க ஜாம் (JAM) என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆக மொத்தம் 5 வருஷப் படிப்பு, அதுவும் பி.எஸ்சி.யிலேயே ஜியாலஜி எடுத்திருந்தால்தான். அந்த 5 வருஷம் அவள் சம்பாதிக்க மாட்டாள், அதற்குத் தயாராகிக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சை நடுவில் எடுக்காதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளை வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள், மாமாவையும்தான். திங்கட்கிழமை முன்பணம் கட்டப் போவதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள் அண்ணே.