சகோதர நகர ஒப்பந்தம் வழியாக வெளிநாட்டு அரசு ஒரு நகராட்சிக்குள் செல்வாக்குப் பெற முடியுமா?

முடியும். இரண்டு நாடுகளின் இரண்டு ஊர்கள் கல்வி, கலை, வணிகத்தில் பழகக் கையெழுத்துப் போடும் உறவுதான் சகோதர நகரம். சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் 1984 முதல் அப்படி ஓர் உறவு உண்டு.

சிக்கல் எங்கே வருகிறது? வெளியுறவு மத்திய அரசின் வேலை. ராமேசுவரம் போன்ற நகராட்சி பார்ப்பது குடிநீர், குப்பை, தெருவிளக்கு. அங்கே வெளியுறவு தெரிந்தவர் இருக்கமாட்டார், பணத்தேவை மட்டும் எப்போதும் இருக்கும். சில நாடுகளில் ஒப்பந்தத்தின் மறுபக்க நகராட்சியே அந்நாட்டு அரசின் பிடியில்தான் இருக்கும்.

உதவி வாங்கியவர் எப்படிக் கட்டுப்படுகிறார் என்பது பாம்பன் கரையில் நின்றால் சட்டென்று புரியும். வலை வாங்க வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவரின் படகு கரை சேர்கிறது. பக்கத்திலேயே ஒருவர் நண்டுக்குக் கிலோவுக்குக் கூடுதலாகத் தர நிற்கிறார். ஆனாலும் கூடை முன்பணம் கொடுத்தவரின் தராசுக்குத்தான் போகும். யாரும் மிரட்டவில்லை, வாங்கிய கை தயங்குகிறது, அவ்வளவுதான்.

செக் நாட்டின் பிராக் நகரம் 2016இல் பெய்ஜிங்குடன் செய்த ஒப்பந்தத்தில், தனி ஆட்சி நடத்தும் தைவான் தீவு சீனாவின் பகுதி என்ற வாசகமும் இருந்தது. அப்புறம் வந்த மேயர் அதை நீக்கக் கேட்டார். பெய்ஜிங் மறுத்தது, 2019இல் உறவு முறிந்தது. அந்தத் தகராறில் பிராக் பில்ஹார்மோனியா இசைக்குழுவின் சீனப் பயணமும் ரத்தானது. வயலின் வாசிப்பவருக்கும் தைவானுக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான்.

சகோதர நகரம் என்றாலே உளவு வேலை என்று சிலர் நினைப்பது சரியல்ல, பெரும்பாலான ஒப்பந்தங்கள் மாணவர் பரிமாற்றம், கலைவிழாவோடு நிற்பவை.