மகளின் ஜிபிஏ: 3.64-ஆ, 4.00-ஆ?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இந்த ஆண்டு ரிப்போர்ட் கார்டில் அன்வெயிட்டட் 3.64, வெயிட்டட் 4.00 என்று இரண்டு ஜிபிஏ (கிரேடுகளைப் புள்ளியாக்கி எடுக்கும் சராசரி) போட்டிருக்கிறார்கள். நான் கூட்டி வகுத்தால் 3.67 வருகிறது. எது சரி? கல்லூரி எதைப் பார்க்கும்?

பதில்: நீங்கள் அனுப்பிய கார்டை வைத்தே போட்டுப் பார்த்தேன். பள்ளியின் இரண்டு கணக்குமே சரிதான். உங்கள் கணக்கு இடறியது உடற்கல்வியில். மற்ற ஐந்து பாடங்களுக்கும் தலா ஒரு கிரெடிட் (கணக்கில் பாடத்துக்குத் தரும் எடை), அதற்கு மட்டும் அரை கிரெடிட். நீங்கள் ஆறையும் சமமாக எடுத்துக்கொண்டீர்கள்.

ஆங்கிலம் ஆனர்ஸ் (பள்ளியே நடத்தும் கடினமான வகுப்பு) ஏ மைனஸ், 3.7. ஏபி (கல்லூரித் தரப் பாடம்) உலக வரலாறு பி, 3.0. வேதியியல் ஆனர்ஸ் பி பிளஸ், 3.3. அல்ஜீப்ராவும் ஸ்பானிஷும் ஏ, தலா 4.0. ஆக 18. உடற்கல்வியில் ஏ, 4-ஐ அரையால் பெருக்கினால் 2. மொத்தம் 20 புள்ளி, 5.5 கிரெடிட். வகுத்தால் 3.64. இதுதான் அன்வெயிட்டட்.

வெயிட்டட் என்பது கடினமான வகுப்பு எடுத்ததற்கான கூடுதல். உங்கள் பள்ளி ஆனர்ஸுக்கு 0.5, ஏபிக்கு 1 தருகிறது. 20 இப்போது 22 ஆகிவிட்டது, 5.5-ஆல் வகுத்தால் கச்சிதமாக 4.00. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இந்தக் கூடுதலே வேறு மாதிரி இருக்கலாம். அதனால் கல்யாண வீட்டில் யாராவது "எங்க பையன் 4.5" என்றால் மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பத்தில் பள்ளி தருவதை அப்படியே எழுதுங்கள், எந்த வகை என்பதையும் குறிப்பிட்டு. பள்ளியின் கணக்கு முறையை விளக்கும் 'ஸ்கூல் புரொஃபைல்' என்ற தாளைக் கவுன்சிலர் மதிப்பெண்களோடு சேர்த்து அனுப்புவார். பல கல்லூரிகள் தங்கள் முறையில் மறுபடியும் கணக்கிடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் (யூசி) பிளஸ், மைனஸைக் கழற்றிவிடும், உடற்கல்வியைச் சேர்க்காது, வெளிமாநில மாணவர்களுக்குப் பள்ளியின் ஆனர்ஸுக்குக் கூடுதல் கிடையாது, ஏபி, ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்) போன்றவற்றுக்குத்தான். இரண்டு செமஸ்டரிலும் இதே கிரேடு என்றால், அங்கே இந்த ஆண்டு 4+4+3+4+4, அதாவது 19-ஐ 5-ஆல் வகுத்து 3.80. ஒரே கார்டுதான், மூன்றாவது எண்!

நம்மூர்ப் பழக்கத்தில் 93 சதவீதத்தை 25-ஆல் வகுத்து 3.72 என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்து கிரேடு, அப்புறம்தான் புள்ளி.

மொத்த ஜிபிஏ மெதுவாகத்தான் நகரும். ஒன்பதாம் வகுப்பிலும் இதே 20 புள்ளி, 5.5 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். பதினொன்றில் எல்லாப் பாடத்திலும் ஏ வாங்கினாலும் அன்வெயிட்டட் 3.76 வரைதான் ஏறும். அதற்காக ஏபியை விட்டுவிட்டுச் சுலபமான வகுப்பில் சேரச் சொல்ல மாட்டேன். கல்லூரியில் எண்ணோடு பாடப் பட்டியலையும் படிப்பார்கள்.