இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய வீடுகளின் சுவரில் மரச்சட்டங்கள் வெளியே தெரிவது ஏன்?

அந்தச் சட்டங்கள் அலங்காரம் அல்ல, அவைதாம் வீடு. முதலில் ஓக் மரத்தால் ஒரு கூடு எழுப்பி, இடைவெளிகளில் பிளந்த கம்புகளைப் படல்போல் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்துப் பூசினார்கள். குடையில் பாரத்தைத் தாங்குவது கம்பிகள், மழையைத் தடுப்பது துணி, இங்கும் அப்படித்தான்.

ஓக்கை ஈரம் காயுமுன்பே அறுத்துச் செதுக்கினார்கள். பச்சை மரம் உளிக்கு இணங்கும் என்பதோடு, ஒரு சட்டத்தின் நாக்கை மற்றதன் துளையில் செருகி மர முளை அடித்தபின், காயக் காய இணைப்பு இன்னும் இறுகும். இவ்வீடுகள் கோணலாக நிற்பதற்கும் அந்த உலர்தலே ஒரு காரணம்.

சசெக்ஸ் பகுதியிலுள்ள ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்தின் 14ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் இல்லம் இதற்கு அருமையான சான்று. 1896இல், பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் அமைப்பான தேசிய அறக்கட்டளை (National Trust) வெறும் 10 பவுண்டுக்கு வாங்கிக் காப்பாற்றிய முதல் கட்டடம் அது. அதன் நடுக்கூடம் கூரைவரை திறந்தே இருக்கிறது. அக்காலத்தில் புகைபோக்கி இல்லாததால், தரையின் நடுவில் எரிந்த அடுப்பின் புகை மேலெழுந்து கூரை இடுக்குகள் வழியே கசிந்து வெளியேற, இந்த உயரம் தேவைப்பட்டது. சுண்ணக்கல்லை இடித்துக் கெட்டித்துப் புளித்த பால் ஊற்றி மெழுகிய அதன் தரை, கைவினைஞர்களின் நுண்ணறிவுக்கு நான் மிகவும் மதிக்கும் அடையாளம்.

இவ்வீடுகளின் உத்திரங்கள் உடைந்த கப்பல்களிலிருந்து வந்தவை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இந்த நம்பிக்கைக்கு இடம்தரும், அவற்றில் காணும் வெற்றுத் துளைகள் பெரும்பாலும் பழைய வீட்டு மரத்தை மறுபடி பயன்படுத்தியதாலோ, இருந்த தடுப்பை அகற்றியதாலோ ஏற்பட்டவை.