வலி மாத்திரை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

தினமும் தலைவலி. பாராசிட்டமால் போட்டால்தான் வேலை ஓடுகிறது. இது பழக்கமாகிவிடுமா?

உங்கள் தலைவலிக்கு அந்த மாத்திரையே காரணமாகியிருக்கலாம். ஒற்றைத் தலைவலி போன்ற தொல்லை ஏற்கெனவே உள்ளவர்கள், மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமாலைத் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால், மருந்தாலேயே தலைவலி நீடிக்கும் நிலை வந்துவிடுகிறது. நிறுத்தியவுடன் சில நாட்கள் வலி கூடும், பிறகு படிப்படியாகக் குறையும்; ஆகவே மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் இருப்பதால், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே ஏறத்தாழ அதைத் தொட்டுவிடுவோம்.

அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் 'ஒரு செட்' வாங்கித் தருகிறேன். உடனே கேட்கிறது. அவருக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. தொடரலாமா?

வேண்டாம். அட்டையிலிருந்து வெட்டி, சிறு காகித உறையில் போட்டுத் தரும் அந்த மாத்திரைகளில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்ற வலி மருந்து இருக்கும். சில இடங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும், உடனே கேட்பதற்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை மெலியச் செய்யும். ரத்த அழுத்த மாத்திரையோடு வலி மாத்திரையும் மாதக்கணக்கில் சேரும்போது சிறுநீரகம் பழுதாகும் ஆபத்து அதிகம். அதுவும் எந்த வலியும் காட்டாமலே பழுதாகும் என்பதுதான் எனக்குப் பெருங்கவலை. மீதமிருக்கும் உறையை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பல மாதங்களாகக் கொடுத்து வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனெனில் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. நாற்காலியில் அமர்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து நொடி நிறுத்தி இறக்கும் பயிற்சி தொடைத் தசையை வலுவாக்கி மூட்டின் சுமையைக் குறைக்கும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

கூடவே கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் பாதுகாப்புத்தானே?

வயிற்றுப் புண்ணிலிருந்து ஓரளவு காக்கும். சிறுநீரகத்தைக் காக்காது.

மகளுக்கு 17 வயது. மாதவிடாய் வலியில் துடிக்கிறாள். மாத்திரை கொடுத்தால் பின்னால் குழந்தைப்பேறு பாதிக்கும் என்று மாமியார் தடுக்கிறார்.

அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, மருந்து ஒவ்வாமை இல்லாத பெண்ணுக்கு, மருத்துவர் சொல்லும் அளவில், சாப்பிட்ட பின் இரண்டு மூன்று நாட்கள் மெஃபனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை கொடுப்பதில் தவறில்லை. மாத்திரை போட்டும் மாதந்தோறும் பள்ளிக்குப் போக முடியாமல் படுத்துவிடுகிறாள் என்றால், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கிறதா என்று மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும். மாத்திரை தொடங்கியபின் காய்ச்சலோடு தோலில் தடிப்பு வந்தால், உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.